பொறந்த நாள் பார்ட்டியில பொண்ணு பாத்த கதை

வீரபாண்டி, திருப்பூர்
கார்த்திகை 13

என்ற கண்ணு ஜனனிக்கு,

அம்மா எழுதிக்கறது. நானு, உங்கப்பா, தம்பி தரணி மூணு பேரும், ஊட்டுக்குக் கீழ ஓடற ஆறு நிட்டிங் மிசினும் ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லாம ஓடிக்கிட்டிருக்கோம். அங்க நீயும் மாப்பிள்ளையும் குட்டி தேஜஸ்ரீயும் சளி காய்ச்சல்னு படுக்காம, அந்தப் பனியில வழுக்கி உழாம நல்லபடியா இருக்கோணும்னு தெனமும் வெளக்கு வெக்கறப்ப வேண்டிக்கறேன். கையில போன் இருக்கறப்ப இவ என்னத்துக்குக் காயிதம் எழுதறாள்னு நீ நெனைப்பே. போன்ல நம்ம ரெண்டு பேரும் பேசுனா அஞ்சாவது நிமிசம் சண்டையில போயி நிக்குது. தீவாளி நோம்பிக்குப் பேசுனப்ப, தரணிக்கு இடது காது கேக்காதுங்கறதைப் பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட மொதல்லயே சொல்லிருங்கம்மான்னு நீ சொன்னே. கனடாவுக்குப் போயிட்டா எல்லாருக்கும் நாயம் பேச வந்துரும்னு நான் வெடுக்குன்னு சொல்லிப்போட்டுப் போனை வெச்சுட்டேன். அதுல இருந்து மூணு வாரமா நீ உங்கப்பாகிட்ட மட்டும் பேசறே, அம்மா நல்லா இருக்காங்களான்னு அவர்கிட்டயே கேட்டுக்கறே. பக்கத்துலதான் நான் கீரை ஆஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்குக் கேக்காதா? அதான் காயிதம். காயிதத்துல நீ குறுக்க பேச முடியாது பாரு.

உங்கப்பாவுக்கு சர்க்கரை கொஞ்சம் எறங்கியிருக்குது. டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு காத்தால செருப்பை மாட்டிக்கிட்டுப் போறார், திரும்பி வர்றப்ப சட்டையில பஜ்ஜி வாசம் வருது. கேட்டா பஜ்ஜிக் கடை முன்னால நின்னு பேப்பர் படிச்சேங்கறார். பீகார்ப் பசங்க அவங்க ஊர் நோம்பியை முடிச்சுட்டு வந்துட்டாங்க, ரெண்டு ஷிப்டும் ஓடுது. எதுத்த ஊட்டுப் பழனாயி அக்கா முட்டி ஆப்பரேசன் பண்ணிட்டு இப்ப என்னையவிட வெசயா நடக்கறாங்க. குட்டிக்கு இட்லி எறங்கலைன்னு உங்கப்பாகிட்டச் சொன்னியாமா. இட்லி எறங்கலைன்னா அதையே உதுத்துக் கடுகு தாளிச்சுக் குடு, உப்புமான்னு நெனைச்சுத் தின்னுரும், நீயும் அப்படித்தான் தின்னே. இருவது வயசு வரைக்கும் அது உனக்குத் தெரியாது.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் தரணிக்குப் பொண்ணு பாத்துட்டு வந்தோம். இது பதினஞ்சாவது. என்ற சித்தி பையன் சசிகுமார், உன்ற சசி மாமன்தான் இந்த எடத்தைக் கொண்டாந்தான். கணியூர்ல தென்னந்தோப்பு வெச்சிருக்கற கந்தப்பன்ங்கறவரோட மக, பேரு மதுமதி, வயசு முப்பது, இங்க திருப்பூர்லயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில குவாலிட்டி பாக்குது, ஆஸ்டல்ல தங்கியிருக்குது. சாதகம் நல்லாப் பொருந்துச்சு. ஆனா ஊட்டுக்கு வந்து பாக்க வேண்டாம், வந்தா பொழுது உழுகறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சு போகும், கோயிலும் வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொல்லிப்போடுச்சாமா. கோயிலைப் பத்தி அது சொன்னதும் சரிதான், போன தடவை கோயில்ல பொண்ணு பாக்கறப்ப அதுக்கு முன்னாடி நம்மளை வேண்டாம்னு சொன்ன குடும்பம் பக்கத்துத் தூண்ல வேற மாப்பிள்ளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அதனால அவிநாசி ரோட்டுல குழந்தைங்க குதிக்கறதுக்கு, கார் ஓட்டறதுக்கு, பந்து உருட்டறதுக்கெல்லாம் ஏசி போட்டு ஒரே கூரைக்குள்ள பெருசாக் கட்டி வெச்சிருக்கானே, அங்க மூணு மணிக்கு வந்துருங்க, பொண்ணு ஊட்டை நான் கூட்டியாறேன், யாராச்சும் கேட்டா குழந்தைக்குப் பொறந்த நாள் பார்ட்டின்னு சொல்லிக்கலாம்னு சசி சொன்னான். இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மனசுல வெச்சுக்கோ, அதுலதான் எல்லாம் கெட்டுச்சு.

தரணி அந்தப் பொண்ணு போட்டோவைக்கூடப் பாக்கலை. பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சும்மா, நேர்லயே பாத்துக்கறேன்னுட்டான். சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டே, இதுதான் கடைசி, இதுவும் இல்லைன்னா இனிமே என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போயி உக்கார வெக்காதீங்க, நான் மிசின் ஓட்டிக்கிட்டு இப்படியே இருந்துக்கறேன்னான். கோவமாச் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னான். முப்பத்தி நாலு வயசாச்சு, பதினாலு பேர் வேண்டாம்னு சொல்லியாச்சு. ஒவ்வொரு தடவையும் எல்லாம் நல்லாத்தான் போகும், பொண்ணும் பையனும் அஞ்சு நிமிசம் தனியாப் பேசிட்டு வருவாங்க, ரெண்டு நாள் கழிச்சு வேண்டாம்னு சொல்லியனுப்புவாங்க. நம்ம ஊடு நிட்டிங் ஷெட்டு மேல இருக்கறதாலயோ, எந்நேரமும் சத்தமா இருக்கறதாலயோன்னு நான் மண்டையை ஒடைச்சுக்குவேன். கார்ல போறப்ப வழக்கம்போல, சாமி, காது விசயத்தை எடுக்காதேன்னு அவன்கிட்டச் சொன்னேன். அவன் கண்ணாடிக்கு வெளிய பாத்துக்கிட்டு வந்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கண்ணாலம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க, நான் ஒண்ணே ஒண்ணைத்தானே மறைக்கறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அந்த எடத்துக்குள்ள போனா, அட சாமி, நம்ம ஷெட்டே தேவலை. பாட்டுச் சத்தம், மிசின் சத்தம், பொடுசுக கத்தற சத்தம், பக்கத்துல நின்னு பேசுனாக்கூட என்ன சொல்றாங்கன்னு தெரியலை. வாசல்லயே செருப்பைக் கழட்டச் சொல்லி ஆளுக்கு ஒரு சோடி சாக்ஸ் குடுத்தாங்க, அடியில ரப்பர்ப் புள்ளி வெச்சது, அதைப் போடாம ஒரு அடி உள்ள வைக்கக் கூடாதாமா. உங்கப்பா விடுவாரா, சாக்ஸை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டி ஓவர்லாக் தையலைப் பாத்துட்டு, ஏனுங்க தம்பி, இது ரெண்டு தடவை துவைச்சா பிரிஞ்சுக்குமுங்க, யாருங்க சப்ளைன்னு கவுண்டர்ல இருந்த பையன்கிட்ட விசாரிக்க ஆரம்பிச்சுட்டார். அந்தப் பையன் தூத்துக்குடிப் பக்கம் போலிருக்குது, எனக்கு என்னண்ணே தெரியும், போட்டுட்டு உள்ள போங்கன்னான். வெள்ளை வேட்டிக்குக் கீழ பச்சைக் கலர் சாக்ஸ் போட்டுக்கிட்டு உங்கப்பா முன்னால நடந்ததை நீ பாத்திருக்கோணும். தரணி போட்டோ எடுத்திருக்கான், அனுப்பச் சொல்றேன்.

உள்ள போயி எக்கட்டப் போறதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னோம். அக்கட்டால ஒரு ரூமு, வாசல்ல பலூன் தோரணம், உள்ள நம்மாளுங்க முப்பது பேர் இருப்பாங்க. வாசல்ல நின்ன ஒருத்தர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், எங்களைப் பாத்ததும் ரெண்டு கையையும் கூப்பி, வாங்க வாங்க, ஏனுங்க இத்தனை நேரம், உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்னாரு. சசி சொன்ன பொறந்த நாள் பார்ட்டி இதுதான்னு நாங்களும் வாங்கங்க நல்லா இருக்கீங்களான்னு கும்புட்டுட்டு உள்ள போயிட்டோம். அவர் பேரு பிரபாகராமா. யாருங்க நீங்கன்னு அவரும் கேக்கலை, நானும் கேக்கலை. வந்தவங்ககிட்ட எப்படிங்க கேக்கறதுன்னு அவங்களுக்கு, அழைச்சவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நமக்கு. நல்லா இருக்கீங்களா, ஊட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா, மழையெல்லாம் எப்படிங்க, தொழில் எப்படிங்கன்னு ஒரு மணி நேரம் பேசுனோம் கண்ணு, ஒரு பேச்சாச்சும் யாரு எவருங்கற பக்கம் போகலை. மத்த ஊர்க்காரங்களா இருந்தா ரெண்டாவது நிமிசம் குட்டு ஒடைஞ்சிருக்கும்.

அங்க ஒரு பொண்ணு இருந்துச்சு, பேரு ஜோதிகா, கேக்கு வெட்டற பையனுக்குச் சித்தி. ஓடியாடி எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் உடனே, ஓ, பொண்ணைச் சித்திங்கற சாக்குல நம்ம கண்ணு முன்னால நடமாட விட்டிருக்காங்க, வெவரமானவங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். பேரு வேறயா இருக்குதேன்னு தோணுச்சுதான். ஆனா ஊட்ல ஒரு பேரு, சாதகத்துல ஒரு பேருன்னு நம்ம பக்கம் எத்தனை பேருக்கு இருக்குது. சசி அனுப்புன போட்டோ மாதிரியும் இல்லை. போட்டோவுல ஒண்ணு நேர்ல ஒண்ணு இருக்கறது பதினாலு தடவை பாத்தவளுக்குப் புதுசா? கண்ணாலம் ஆனதா ஆகாததான்னு பாக்கலாம்னா கழுத்து வரைக்கும் ஏறுன சட்டை, கால் வெரல் மெட்டியைப் பாக்கலாம்னா எல்லார் கால்லயும் அந்தப் பாழாப் போன சாக்ஸ். சரின்னு பக்கத்துல கூப்புட்டு உக்கார வெச்சு, கொண்டு போயிருந்த மல்லிகைப் பூவை என்ற கையாலயே அது தலையில வெச்சுவிட்டேன். சிரிச்சுக்கிட்டே வெச்சுக்குச்சு. எங்க ஊட்ல கீழ நிட்டிங் ஓடறதால சத்தமா இருக்கும் கண்ணு, பரவாயில்லையான்னு கேட்டேன். எங்களுக்கும் அதெல்லாம் பழக்கந்தானுங்கம்மான்னு சொல்லுச்சு. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி ஆயிருச்சு.

அப்பறம் தட்டுல பிரியாணி கொண்டாந்து கையில குடுத்தாங்க. எனக்குப் பக்குன்னுச்சு. சம்பந்தம் பேசி முடிக்காம கை நனைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாததா, பதினாலு ஊட்லயும் தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடாம வந்தவங்க நாம. இவங்க என்னடான்னா வந்த கால் மணி நேரத்துல சோறே போடறாங்களே, அப்படின்னா பையனைப் புடிச்சுப் போச்சு, சரின்னு சொல்லாமச் சொல்றாங்கன்னு நான் அர்த்தம் பண்ணிக்கிட்டேன். இருந்தாலும் சாப்பிடலாமா வேண்டாமான்னு உங்கப்பாவைக் கேக்கலாம்னு திரும்பினா மனுசன் ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டு இருக்கார். சரி, உங்கப்பாவே கை நனைச்சுட்டார், இனி என்னன்னு நானும் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, உப்பு மட்டும் ஒரு கல்லு கூட. தரணியைத் தேடுனேன், ஆளைக் காணோம். பொண்ணு இங்க இருக்கறப்ப இவன் எங்க போனான், தானே தனக்குச் சனியா நிக்கறானேன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன்.

கேக்கு வெட்டி முடிஞ்சுது. ஒருத்தர் ஒரு வயசுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தார், அந்தக் குழந்தை ஜோதிகாவைப் பாத்துத் தாவுச்சு, இது வாரி இடுப்புல வெச்சுக்கிட்டு, என்ற ஊட்டுக்காரருங்கம்மா, இப்பத்தான் கோயமுத்தூர்ல இருந்து வர்றாருன்னு எங்கிட்டச் சொல்லுது. என்ற நெலமையை நெனைச்சுப் பாரு. அது தலையில நான் வெச்ச பூ, என்ற கையில அவங்க போட்ட சோத்து வாசம். உங்கப்பா சட்டை ஜோப்புல இருந்த போனை எடுத்துப் பாத்தா சசி பத்தொம்போது தடவை கூப்பிட்டிருக்கான், அந்தச் சத்தத்துல ஒண்ணுகூடக் கேக்கலை. மூணு மணியில இருந்து காபிக் கவுண்டர்கிட்ட பொண்ணு ஊட்டோட காத்துக்கிட்டு இருக்கோம், எங்க இருக்கீங்கன்னு எழுதியிருக்கான். மணி நாலேகால். அப்பவும் நாங்க வாயைத் தொறந்து, தப்பா வந்துட்டோமுங்கன்னு சொல்லலை. போயிட்டு வர்றோங்க, ரொம்ப சந்தோசமுங்க, ஊட்டுப் பக்கம் அவசியம் வாங்கங்கன்னு கும்புட்டுட்டு எந்திரிச்சோம். அவங்களும் அதுக்குள்ளயான்னு வருத்தப்பட்டு, குழந்தைங்களுக்குக் குடுக்கற பையை எங்க ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்கு ஒண்ணு குடுத்து அனுப்புனாங்க. அவங்க யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

தரணியைத் தேடிக்கிட்டுப் போறப்ப டேஷிங் கார் ஓட்டற எடத்துக்கிட்ட வந்தோம். அங்கதான் இருந்தான். இந்த மூலையில ஒரு சிவப்புக் கார்ல அவன், அந்த மூலையில ஒரு மஞ்சள் கார்ல ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் காரை ஓட்டவே இல்லை. பொடுசுக வந்து வந்து இடிக்குதுங்க, ரெண்டும் ஆடி ஆடி நிக்குதுங்க, ஆனா பேசிக்கிட்டு இருக்குதுங்க. அத்தனை தூரத்துல, அத்தனை சத்தத்துல, வாயை மட்டும் அசைச்சு, கையை ஆட்டி, நம்ம ஷெட்டுல மிசின் ஓடறப்ப உங்கப்பாவும் பசங்களும் பேசுவாங்களே, நீயும் தரணியும் சின்னதுல எனக்குத் தெரியாம அப்படித்தானே பேசிக்குவீங்க, அதே மாதிரி. இவன் என்னமோ சொல்றான், அது தலையை ஆட்டி ரெண்டு வெரலைக் காட்டுது, இவன் விழுந்து விழுந்து சிரிக்கறான். தரணி இப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தனை வருசமாச்சு தெரியுமா. இதுதான் மதுமதின்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கலை.

நடந்தது என்னன்னா, பார்ட்டிக்குள்ள போன பத்தாவது நிமிசமே இவனுக்குத் தெரிஞ்சு போச்சாமா. அந்தப் பிரபாகரோட சம்சாரம் ரூமுக்கு அந்தக் கடைசியில நின்னு, இவங்கெல்லாம் யாருங்கன்னு ஊட்டுக்காரரைக் கேட்டிருக்குது, அவர், உங்க பக்கத்து ஒறம்பரைன்னு நெனைச்சேன், நூல்கடைக்காரங்களா இருக்கும், விடுன்னு சொல்லியிருக்கார். காதுல கேக்காட்டிப் போகுது, உதட்டைப் பாத்தே இவன் படிச்சுட்டான். எங்ககிட்டச் சொல்லாம நைசா வெளிய வந்து தேடியிருக்கான். எங்களைத் தேடிட்டு வரச் சொல்லி அப்பன் அனுப்புன மதுமதி எதுக்க வந்திருக்குது. அது இவன் போட்டோவைப் பாத்திருந்ததால ஆளைக் கண்டுக்கிச்சு. இப்பவே அப்பாகிட்டப் போனா நமக்கு அஞ்சு நிமிசம்தான் பேசக் குடுப்பாங்க, பத்து நிமிசம் கழிச்சுப் போலாங்களான்னு அதுதான் கேட்டிருக்குது. அந்தப் பத்து நிமிசம் அம்பது நிமிசமாப் போச்சு. அதும் வேலைக்கு வந்த புதுசுல மூணு வருசம் நிட்டிங் ஷெட்டு ஷெட்டாப் போயித் துணி குவாலிட்டி பாத்த பொண்ணாமா, அந்தப் பேச்செல்லாம் அதுக்கும் அத்துப்படி.

நாலு பேரும் காபிக் கவுண்டருக்குப் போனோம். சசி மூஞ்சியில ஈயாடலை. கந்தப்பன் எந்திரிச்சுக் கும்புட்டார், அவர் சம்சாரமும் கும்புட்டாங்க. எங்க கையில ஹேப்பி பர்த்டே நித்தீஷ்னு போட்ட பை. நடந்ததை உங்கப்பா சொன்னார், சொல்லச் சொல்ல எனக்கே நம்பற மாதிரி இல்லை. நம்ம பக்கம் கோவம் ஏற ஏற ங்க ஏறும்னு உனக்குத் தெரியும். கந்தப்பன், பரவாயில்லீங்க, நடக்கறதுதானுங்க, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, நாங்க பொழுதோட ஊர் போயிச் சேரோணுமுங்கன்னு ஒரே மூச்சுல நாலு ங்க போட்டார். அதோட விடலை. எந்த விசேசத்துல உக்காந்திருக்கோம்னே தெரியாம ஒரு மணி நேரம் இருந்திருக்கீங்க, இன்னும் எங்ககிட்டச் சொல்லாம உட்டது என்னென்ன இருக்குதோ, இருந்தாலும் அது உங்களோடயே இருக்கட்டுமுங்கன்னார். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார், ஆனா அது நேரா என்ற நெஞ்சுல வந்து உழுந்துச்சு.

தரணி வாயைத் தொறந்தான். சொல்லப் போறான்னு தெரிஞ்சு போச்சு. மேசைக்குக் கீழ அவன் காலை மிதிக்கலாம்னு என்ற கால் போச்சு, நெசமாத்தான் சொல்றேன் கண்ணு, பழக்க தோசம். அப்பத்தான் அவன் மூஞ்சியைப் பாத்தேன். கார்ல உக்காந்து சிரிச்ச சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. இந்தப் புள்ளை என்ன குத்தம் பண்ணுச்சு, எதுக்கு இவன் வாயால சொல்லி இவனே அசிங்கப்படோணும்னு எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. நான்தான் முந்திக்கிட்டேன்.

"என்ற பையனுக்கு இடது காது கேக்காதுங்க. ஏழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தப்ப, தானாச் சரியாப் போகும்னு பத்து நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம ஊட்லயே வெச்சிருந்தது நான். குத்தம் என்றதுங்க, அவன்றது இல்லீங்க."

உங்கப்பா தலையைக் குனிஞ்சு அவர் சாக்ஸைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டார். சசிக்கே இது தெரியாது, அவன் என்னையப் பாத்த பார்வையை மறக்க மாட்டேன். கந்தப்பன் சம்சாரம் மகளைப் பாத்தாங்க. முடிஞ்சுது, பதினஞ்சும் போச்சுன்னு நான் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். அப்பத்தான் அந்தப் பொண்ணு மொத மொதல்ல எங்கிட்டப் பேசுச்சு.

"தெரியுங்க அத்தை. அதான் அவரோட சோத்தாங்கைப் பக்கம் உக்காந்திருக்கேன்."

நான் நிமுந்து பாத்தேன். ஆமா கண்ணு. அவங்கம்மா பக்கத்துல எடம் இருந்தும் அங்க உக்காராம, இவனுக்கு வலது பக்கமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்திருந்துச்சு. பாத்தவொடனே காது விசயத்தைத்தான் மொதல்ல சொன்னானாமா. அதுவும் சரிங்கன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் மாறி நடந்துச்சாமா, அவ்வளவுதான், அதைப் பத்தி வேற பேச்சே இல்லையாமா. அது என்னைய அத்தைன்னு கூப்பிட்டது கந்தப்பன் காதுல நல்லாவே உழுந்துச்சு. மகளை ஒரு தடவை பாத்தார். அப்பறம் எங்களைப் பாக்காம சசி பக்கம் திரும்பி, ஏனுங்க சசி, கணியூருக்கு இவங்களுக்கு வழி தெரியுங்களான்னு கேட்டார். அந்த ங்க வேற ங்க. உங்கப்பா டக்குன்னு தலையைத் தூக்கி, மடத்துக்குளம் வழியாத்தானுங்களே, நல்லாத் தெரியுமுங்கன்னார். வர்ற ஞாயித்துக்கெழமை போறோம்.

திரும்பி வர்றப்பத்தான் தரணிகிட்டக் கேட்டேன், ஏஞ்சாமி, அந்தப் பதினாலு பேர்கிட்டயும் சொன்னியான்னு. ஆமாம்மா, தனியாப் பேசற அஞ்சு நிமிசத்துல மொதல்ல அதைத்தான் சொல்லுவேன், மறைச்சுக் கட்டிக்கிட்டு அப்பறம் அவங்க கண்டுபுடிச்சா என்னால அவங்க மூஞ்சியைப் பாக்க முடியாதுன்னான். சிலபேரு வேண்டாம்னது காதுக்காக இல்லையாமா. இவன் சொன்னதை அவங்க போயி அப்பன் ஆத்தாகிட்டச் சொல்ல, பையனோட அம்மா ஏன் மறைச்சாங்கன்னு அங்கதான் முறிஞ்சுதாமா. ஒரு பொண்ணு அதை இவனுக்கே மெசேஜ் போட்டிருக்குது. இத்தனை நாளும் எங்கிட்டச் சொல்லலை, நான் வருத்தப்படுவேன்னு. அட கெரகமே, ஊடு சத்தம்னு நெனைச்சேன், சட்டை சரியில்லைன்னு நெனைச்சேன், அவன் கண்ணாலத்துக்குக் குறுக்க நின்னது நான்தான்னு இப்பத்தான் தெரியுது. நீ நோம்பியன்னைக்குச் சொன்னதும் இதேதான். உன்னைய அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவனுக்கு இப்படி ஆனது என்னாலதான்னு இருபத்தேழு வருசமா உள்ளயே போட்டு மூடி வெச்சுட்டேன் கண்ணு, யாராச்சும் அதைத் தொட்டா எனக்குக் கோவமாத்தான் வருது. மனசுல வெச்சுக்காதே, நாளைக்கு எங்கிட்டப் பேசு.

எல்லாம் கூடி வந்தா தை மாசம் கண்ணாலம் வெக்கலாம்னு சசி சொல்றான், நாள் இன்னும் குறிக்கலை. ஆனா அவனுக்கு இணைச்சீர்ச் சடங்கு பண்ணக் கூடப் பொறந்தவ நீ வந்து நின்னாத்தான் உண்டு, பெரியப்பன் மகளை வெச்சுப் பண்ணிக்கலாம்னு சொல்ற வேலையெல்லாம் எங்கிட்ட ஆகாது. இப்பவே லீவு எழுதிக் குடு, மாப்பிள்ளைக்கும் சேத்து. குட்டியோட இடுப்பு அளவும் ஒசரமும் எடுத்து அனுப்பு, பட்டுப் பாவாடை தைக்கோணும், ஒரு இஞ்சு கூடவே அள, வளர்ற புள்ளை. வர்றப்ப உங்கப்பாவுக்கு சாக்லேட்டு வாங்கிட்டு வராதே, எனக்குத் தெரியாம நீ போன தடவை குடுத்தது தெரியும்.

இன்னும் ஒண்ணு சொல்லோணும். இத்தனை வருசமா நான் அவனுக்குச் சோறு போடறவ. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறான்னு எத்தனை நாள் கத்தியிருக்கேன், தலையில கொட்டியிருக்கேன், உனக்கே தெரியும். எந்தப் பக்கம் நின்னு கூப்பிடறோம்னு ஒரு நாளும் ரோசனை பண்ணுனதில்லை. அந்தப் பொண்ணு ஒரு மணி நேரத்துல கத்துக்கிச்சு. இன்னைக்குக் காத்தால கீழ மிசின் ஓடிக்கிட்டு இருக்குது, அவன் தோசை தின்னுக்கிட்டு இருந்தான். நான் சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு அவனுக்கு வலது பக்கமாப் போயி நின்னு, சத்தம் போடாம மெதுவா, சாமின்னு கூப்பிட்டேன். ஒரே தடவைதான் கண்ணு கூப்பிட்டேன். திரும்பிட்டான்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நூறு வருசம் நல்லா இருக்கோணும், எடுத்த காரியமெல்லாம் உங்களுக்குக் கைகூடி வரோணும். லீவு எழுதிக் குடுத்தாச்சுன்னு நாளைக்குப் போன்ல சொல்லு, உங்கப்பாகிட்ட இல்லை, எங்கிட்ட.

எந்நேரமும் உங்க மூணு பேர் நெனைப்பா இருக்கற
உன்ற அம்மா
தெய்வாத்தாள்